நத்தாரைக் கொடுத்து வாங்கிய சனிக்கிழமை

என் கணவர் எமிலியானுஸ் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் புட்போலுக்குள் போய் விழுந்ததற்குக் காரணம் செவ்வாய்க்கிழமை. மன்னாரில் அவர் காலால் உதைக்கும் பந்தை மட்டும் அறிந்தவர். நன்றாகவும் விளையாடியவர். முட்டை வடிவப் பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடி, பத்துப் பேர் மேலே விழுந்த பிறகு எழும்பி நிற்கும் இந்த விளையாட்டுக்குப் புட்போல் என்று பெயர் வைத்தவனை ஒருக்கால் பார்க்கவேண்டும் என்று, மொன்றியலுக்கு வந்த புதிதில் சொல்லிச் சிரிப்பார்.

அவருக்கு டோர்வலில், விமான நிலையத்தில், பயணப் பொதிகளை ஏற்றி இறக்கும் வேலை. அங்கே எல்லாவற்றையும் தீர்மானிப்பது சேவைமூப்பு. முதலில் சேர்ந்தவர் தனக்கு வேண்டிய ஓய்வு நாளை முதலில் எடுப்பார், மிஞ்சியது அடுத்தவருக்கு. பல வருடம் குளிரில் நின்று வரிசையின் மேல்பகுதிக்கு வந்து சேர்ந்த நேரத்தில் அவருடைய கொம்பனி ஒப்பந்தத்தை இழந்தது. வேறொரு கொம்பனி வந்தது. பழைய ஆட்களையே எடுத்தார்கள், ஆனால் புதிய ஆட்களாக எடுத்தார்கள். வெள்ளிக்கிழமை செம்மஞ்சள் சட்டையோடு வீட்டுக்கு வந்த மனிதர் திங்கட்கிழமை பச்சைச் சட்டையோடு அதே விமானத்தின் வயிற்றுக்குள் ஏறினார். பெயர் வரிசையின் அடியில் கிடந்தது. அடியில் கிடப்பவருக்குச் சனியும் ஞாயிறும் கிடைக்காது. செவ்வாயும் புதனும் கிடைத்தன.

நவம்பர் மாதச் செவ்வாய் இரவில் விளையாட்டு அலைவரிசையில் பெரிதாக ஒன்றும் இருக்காது. பெரிய பல்கலைக்கழகங்கள் சனிக்கிழமையை எடுத்துக்கொள்ளும். அன்றைக்கு விளையாடினால் சின்னப் பல்கலைக்கழகங்களை யாரும் பார்க்கமாட்டார்கள் என்பதால், அவர்களைச் செவ்வாய், புதன் இரவுகளில் விளையாட விடுவார்கள். அரைவாசிக் கதிரைகள் வெறுமையாகக் கிடக்கும். பனி கொட்டும். போர்வையைப் போர்த்துக்கொண்டு அதைப் பார்த்தவர், ஒருநாள் என்னிடம் திரும்பிச் சொன்னார்.

"சிசிலி, இவங்களும் என்னை மாதிரித்தான். சனிக்கிழமை கிடைக்காத ஆக்கள்."

அப்படித்தான் ஒஹாயோவில் இருக்கிற மார்வுட் பல்கலைக்கழகம் எங்கள் வீட்டுக்குள் வந்தது. நீலச் சட்டை. அவர் பார்த்த முதல் ஆட்டத்தில் அவர்கள் மோசமாகத் தோற்றுக்கொண்டிருந்தார்கள். தோல்வி நிச்சயமான பிறகும் கடைசி நிமிடத்தில் ஒரு பெடியன் பாய்ந்து எதிரணி உதைத்த பந்தை நெஞ்சால் மறித்தானாம். "என்னத்துக்கு மறிச்சவன்? ஒரு பிரயோசனமும் இல்லை. சும்மா மறிச்சவன்," என்று சொல்லிச் சொல்லி ரசித்தார். அன்றிலிருந்து மார்வுட் அவருடைய அணி. அந்த ஊரை அவர் கண்டதுமில்லை, அந்த ஊரில் எங்களுக்கு ஒருவரையும் தெரியாது.

இனி நடந்தது விளங்குவதற்கு ஒரு விதியைச் சொல்லவேண்டும். அமெரிக்காவில் இந்தப் பல்கலைக்கழகங்கள் கொன்பரன்ஸ் என்று கூட்டம் கூட்டமாகப் பிரிந்து தங்களுக்குள் விளையாடுகின்றன. நாலு கொன்பரன்ஸ் பெரியவை. காசும் பேரும் அவற்றிடம். மற்றவை சின்னவை. வருட முடிவில் பன்னிரண்டு அணிகள் இறுதிச் சுற்றுகளுக்குப் போகும். யார் யார் என்பதை ஒரு குழு உட்கார்ந்து தரவரிசை போட்டுத் தீர்மானிக்கும். முந்திய காலத்தில் நாலே நாலு அணிகள்தான் போகலாம். அப்போது சின்னவர்கள் வாசலில் நின்று பார்த்ததோடு சரி. பன்னிரண்டு ஆக்கியபோது ஒரு விதி வைத்தார்கள்: தங்கள் தங்கள் கொன்பரன்ஸில் சம்பியனாக வந்தவர்களில், தரவரிசையில் மேலே இருக்கும் ஐந்து பேருக்கு இடம் நிச்சயம். மிச்ச ஏழு இடமும் குழுவின் தரவரிசைப்படி. அந்த ஏழும் அநேகமாகப் பெரியவர்களுக்கே போய்விடும். நாலு பெரிய சம்பியன்கள் வர, ஐந்தாவதாக ஒரு சின்ன சம்பியன் வரலாம் என்றுதான் எல்லாரும் கணக்குப் பார்த்தார்கள். வேலைத்தலத்துச் சாப்பாட்டு அறையில் அதைச் "சின்ன ஆக்களின்ர கதிரை" என்று சொல்வார்கள்.

அப்படிச் சொல்லிச் சொல்லி அவரைச் சீண்டியவர் இரவிச்சந்திரன். யாழ்ப்பாணத்து ஆள், வயதில் இவரை விட இளையவர். முதலிலேயே அந்தப் புதிய கொம்பனியில் சேர்ந்திருந்ததால் சேவைமூப்பில் எங்கேயோ மேலே. சனி ஞாயிறு ஓய்வு. ஆகவே அவருக்குச் சனிக்கிழமை விளையாடும் பெரிய அணி ஒன்று இருந்தது.

"எமில் அண்ணை, உங்கட ஆக்கள் ஆரோட வெண்டவை? பள்ளிக்கூடப் பிள்ளையளோடயோ?"

"உங்கட ஆக்களை மார்வுட்டுக்கு வரச்சொல்லு பாப்பம்."

"அவை என்னத்துக்கு அங்கை வரவேணும்?"

"அதுதானே. வரவும் மாட்டியள். பிறகு, நீ பெரிய ஆக்களோட விளையாடேல்லை எண்டு குழுவில இருந்து சொல்லுவியள்."

குழு என்ற சொல் அவருக்கு ஆகாது. அகதி விண்ணப்பத்துக்கு ஒரு விசாரணைக் குழுவுக்கு முன்னால் இருந்து, முதல் முறை மறுக்கப்பட்டவர். மேல்முறையீட்டில் ஒரே ஒரு விதியைப் பிடித்துக்கொண்டு நின்று வென்றவர். "அவை என்ன நினைக்கினம் எண்டதைப் பிடிச்சுக்கொண்டு நிக்காதை. என்ன எழுதி வச்சிருக்கினம் எண்டதைப் பிடிச்சுக்கொண்டு நில்," என்பார். எங்கள் மகள் அனோஜினி வாடகை வீட்டுக்காரனோடு சண்டை பிடித்தபோதும் இதைத்தான் சொன்னார்.

மார்வுட்டுக்கு அந்த வருடம் நல்ல வருடம். தொடக்கத்தில் ஒரு பெரிய அணியின் மைதானத்துக்குப் போய் மூன்று புள்ளியால் தோற்றார்கள். பிறகு தோற்கவில்லை.

ஒக்டோபரில் மார்கழி மாத லீவைத் தெரிவுசெய்யும் நாள் வந்தது. சாப்பாட்டு அறையில் மேற்பார்வையாளர் கத்தரின் இருந்து, சேவைமூப்புப்படி ஒவ்வொருவராகக் கூப்பிடுவார். கூப்பிட்டவர் எல்லார் முன்னாலும் எழும்பி நின்று தனக்கு வேண்டிய நாட்களைச் சொல்லவேண்டும். ஒருவருக்கு ஒரு தொகுதிதான்: நத்தாருக்கு முந்திய வார இறுதி, நத்தார், அல்லது புதுவருடம். அங்கே வேலை செய்யும் தமிழர்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. சைவக்காரர் நத்தாரைத் தொடமாட்டார்கள், எங்களைப் போன்ற வேதக்காரருக்கு விட்டுவிடுவார்கள். தைப்பொங்கலுக்கும் தீபாவளிக்கும் வேதக்காரர் அவர்களுக்காக நிற்பார்கள். ஆனாலும் வேறு நாட்டுக்காரர் எடுத்துவிடுவதால், வரிசையின் அடியில் கிடந்த என் கணவரிடம் நத்தார் ஒருநாளும் வந்து சேர்ந்ததில்லை. அந்த வருடம் இரவிச்சந்திரன் இவருக்கு மேலே உள்ள இரண்டு மூன்று பேரிடமும் கதைத்து, புதுவருடத்தை எடுக்கப் பண்ணி, ஒரு நத்தார் இடத்தை இவருக்கென்று காப்பாற்றிக் கொண்டுவந்து விட்டார்.

"எமில், உங்கள் முறை," என்று கத்தரின் பிரெஞ்சில் சொன்னார். "இந்தமுறை நத்தார் இருக்கிறது. வாழ்த்துகள்."

இவர் எழும்பினாராம். "முந்திய வார இறுதி," என்றாராம்.

கத்தரின் இரண்டாம் தரமும் கேட்டார். இவர் அதையே சொன்னார். இரவிச்சந்திரன் கதிரையை விட்டு எழும்பிவிட்டார்.

"அண்ணை, உங்களுக்கு விசரே? நான் ஒவ்வொருத்தன்ர காலிலயும் விழுந்து பிடிச்சு வச்ச நத்தார்!"

"தெரியும் இரவி. பெரிய உபகாரம்."

"அந்தச் சனிக்கிழமை என்ன இருக்கு?"

"முதலாவது சுற்று."

"அதுக்கு உங்கட ஆக்கள் போகவேணுமே! இப்ப ஒக்டோபர். குழு இன்னும் வாயே திறக்கேல்லை."

"போவினம்."

அறை முழுக்கச் சிரித்ததாம். அன்று பின்னேரமே இரவிச்சந்திரன் என்னைத் தொலைபேசியில் கூப்பிட்டு, பள்ளிக்கூடத்தில் இருந்து முறைப்பாடு வருவதுபோல எல்லாவற்றையும் ஒப்புவித்தார். வில்லரேயில் நான் வேலை செய்யும் கார்டெரியில், பிள்ளைகள் காப்பகத்தில், அப்போது பிள்ளைகளுக்குச் சப்பாத்து மாட்டிக்கொண்டிருந்தேன். கோபத்தில் ஒரு பிள்ளைக்கு இடம் வலம் மாறி மாட்டிவிட்டேன்.

வீட்டுக்கு வந்து கேட்டேன்.

"இஞ்சேருங்கோ, நத்தாருக்கு லீவு கிடைச்சதோ?"

"கிடைச்சது."

"பிறகு?"

"எடுக்கேல்லை."

"நடக்குமோ தெரியாத விளையாட்டுக்கு, எந்த ஊரெண்டு தெரியாத ஊருக்குப் போக, பாலன் பிறப்பை விட்டனீங்களோ?"

"பாலன் வருசாவருசம் பிறக்கிறார் சிசிலி. இவங்களுக்கு இந்த வருசம்தான்."

நான் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு குசினிக்குள் போய்விட்டேன். மகள் பிரெஞ்சில் ஏதோ சொல்லிச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கொம்பனி மாறியதிலிருந்து ஒவ்வொரு நத்தாருக்கும் நானும் மகளும் மட்டும் பூசைக்குப் போய், தெரிந்தவர்கள் "எங்கை அவர்?" என்று கேட்க, "வேலை" என்று சொல்லி வந்திருக்கிறோம். இந்தமுறை என்ன சொல்வது?

நவம்பர் முழுதும் செவ்வாய் இரவுகளில் குழு தரவரிசையை வெளியிட்டது. மார்வுட் இருபத்திநாலில் தொடங்கியது. வென்றார்கள், இருபத்திரண்டு. வென்றார்கள், இருபத்தொன்று. பல தரம் தோற்றுப்போன பெரிய அணி ஒன்று அவர்களுக்கு மேலேயே இருந்தது. மேற்கில் இன்னொரு சின்ன கொன்பரன்ஸில் ஒரு அணி நன்றாக விளையாடி மார்வுட்டுக்கு மேலே நின்றது. சின்ன ஆட்களின் கதிரை ஒன்று என்றால் அது அவர்களுக்குத்தான். இவர் அசையவில்லை. "கதிரை எண்டு ஒண்டு இல்லை. அஞ்சு சம்பியன் எண்டுதான் எழுதியிருக்கு. பெரிசு சின்னன் எண்டு எழுதேல்லை," என்று ரிவிக்குப் பதில் சொல்லுவார்.

மார்கழி முதல் வெள்ளி இரவு மார்வுட் தன் கொன்பரன்ஸின் சம்பியனானது. சனிக்கிழமை மேற்கத்தைய அணியும் சம்பியனானது. அத்தோடு முடிந்தது என்றுதான் நான் நினைத்தேன். அந்தச் சனி இரவு, ஒரு பெரிய கொன்பரன்ஸின் இறுதி ஆட்டத்தில், ஏற்கெனவே ஐந்து தரம் தோற்றிருந்த ஒரு அணி எல்லாரும் பார்த்திருக்கச் சம்பியனாகிவிட்டது. அது பெரிய சம்பியன்தான். ஆனால் தரவரிசையில் மார்வுட்டுக்குக் கீழே.

குழு தன் பன்னிரண்டு பேரையும் அறிவித்தது ஞாயிறு மத்தியானம். அவருக்குப் பின்னேர வேலை. பச்சைச் சட்டையைப் போட்டு, இரும்பு வைத்த சப்பாத்தையும் போட்டு, கடதாசி விரித்த நிலத்தில் காலை வைத்துக்கொண்டு ரிவிக்கு முன்னால் இருந்தார். மகள் பக்கத்தில். நான் ஜான்-டலோன் சந்தையில் வாங்கிய கீரையை ஆய்ந்துகொண்டிருந்தேன், பார்க்காததுபோல.

பெரிய பெயர்கள் ஒவ்வொன்றாக வந்தன. பதினோராம் இடத்துக்கு மேற்கத்தைய சின்ன அணியின் பெயர் வந்தது. உடனே தொலைபேசி அடித்தது. மகள் ஸ்பீக்கரில் போட்டாள்.

"அண்ணை, முடிஞ்சுது. கதிரை போயிட்டுது," என்றார் இரவிச்சந்திரன். உண்மையாகவே கவலைப்பட்ட குரல். "யோசியாதேங்கோ. கத்தரினிட்டைக் கேட்டு நத்தாரைத் திருப்பி எடுக்கலாமோ பாப்பம்."

"போனை வை இரவி."

"இல்லையண்ணை, நான் சொல்லுறது—"

"நேற்று வெண்டது ஆரெண்டு பார். எத்தினை தரம் தோத்தவன் எண்டு பார். அஞ்சு சம்பியனை எண்ணு."

அந்தப் பக்கம் பெயர்களை முணுமுணுப்பது கேட்டது. எண்ணுகிறார் என்று விளங்கியது. நானும் கீரையை விட்டுவிட்டு எண்ணினேன். மூன்று பெரியவர்கள், ஒரு மேற்கு. நாலு. ஐந்தாவது?

பன்னிரண்டாம் இடத்தில் நீல எழுத்தில் மார்வுட் என்று வந்தது.

மகள் கத்தினாள். தொலைபேசிக்குள் இரவிச்சந்திரனும் ஏதோ கத்தினார், சந்தோசமோ ஏச்சோ தெரியவில்லை. என் கணவர் மட்டும் எழும்பி, சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார். கதவைத் திறந்துவிட்டுத் திரும்பிப் பார்த்தார்.

"சிசிலி, உன்ர தடிச்ச சப்பாத்து எங்கை கிடக்கு? அங்கை குளிரும்."

நான் வருவேன் என்று நான் சொல்லவில்லை. ஆனால் போனேன். அந்த மனிதரைத் தனியாக அவ்வளவு தூரம் ஓட விட்டால் நித்திரையில் எங்காவது கொண்டுபோய் விட்டுவிடுவார் என்பதற்காகப் போனேன். எல்லையில் ஒரு அதிகாரி எதற்குப் போகிறீர்கள் என்று கேட்டார். "மார்வுட்," என்றார் இவர், மாமியார் வீடு என்று சொல்வதுபோல. அந்த அதிகாரி கடவுச்சீட்டுகளையும் எங்களையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "கடவுள் உங்களோடு இருக்கட்டும்," என்று சிரித்துக்கொண்டே விட்டார்.

முதலாவது சுற்று தரவரிசையில் மேலே உள்ளவரின் மைதானத்தில். அது ஒரு பெரிய பல்கலைக்கழகம். ஒரு நகரத்துச் சனம் முழுவதும் சிவப்புப் போட்டுக்கொண்டு வட்டமாக இருந்தது. மேலே ஒரு மூலையில் நீலம் கொஞ்சம். அந்த மூலையில் தமிழர் நாங்கள் இருவரும்தான். முன்வரிசையில் இருந்த மார்வுட் தாய்மார் எந்தப் பிள்ளையின் பெற்றோர் என்று எங்களைக் கேட்டார்கள். "எல்லாரினதும்," என்றார் இவர், தன் ஆங்கிலத்தில். அவர்கள் தங்கள் கோப்பியில் பாதியை எங்களுக்கு ஊற்றினார்கள்.

ஆட்டத்தைப் பற்றி மூடி மறைக்க எனக்கு ஒன்றும் இல்லை. அடித்துப் போட்டார்கள். பாதி ஆட்டத்துக்குள்ளேயே விளங்கிவிட்டது. சிவப்புப் பெடியள் பெரியவர்கள், வேகமானவர்கள். நம்முடையவர்கள் விழுந்து விழுந்து எழும்பினார்கள். நாற்பத்தைந்துக்குப் பத்து என்று ஆனபோது சிவப்புச் சனம் வீட்டுக்குப் போகத் தொடங்கியது. குடும்பத்தோடு எங்கள் படியால் இறங்கிய ஒருவர் இவருடைய நீலத் தொப்பியைப் பார்த்து நின்றார். நல்ல மனிதர்தான், இரக்கத்தோடுதான் சொன்னார்.

"உங்களுக்கு நல்ல வருடம் இது. ஆனால் இது உங்களுக்கான இடமில்லை."

"போன வருசம் இதே சுற்றில நீங்களும் முப்பது புள்ளியால தோத்தனீங்கள்," என்றார் இவர், தனக்குத் தெரிந்த ஆங்கிலச் சொற்களை ஒவ்வொன்றாக எடுத்து வைத்து. "அப்ப உங்களுக்கான இடமில்லை எண்டு ஆராவது சொன்னவையோ?"

அந்த மனிதர் யோசித்தார். பிறகு தோளைக் குலுக்கி, கையைச் சூடாக்கும் பைக்கற்றுகள் இரண்டை இவரிடம் கொடுத்துவிட்டுப் போனார். இவர் நன்றி சொல்லி வாங்கி, என் கைக்குள் வைத்தார். தன் கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை.

கடைசி நிமிடத்தில், மைதானம் பாதிக்குமேல் வெறுமையாகிவிட்ட நேரத்தில், மார்வுட் கோட்டைத் தாண்டிப் பந்தை வைத்தது. பதினேழு. ஒரு பிரயோசனமும் இல்லாத ஏழு புள்ளி. இவர் கதிரைமேல் ஏறி நின்று தமிழில் கத்தினார். "அடியடா! அப்பிடித்தான்ரா! இன்னும் அடியடா!" மார்வுட் தாய்மாரும் விளங்கியதுபோலக் கத்தினார்கள். குரல் போய்விட்டது அவருக்கு. மொன்றியல் வந்த பிறகும் கைச்சாடையால்தான் கதைத்தார்.

நத்தார் இரவு நானும் மகளும் பூசைக்குப் போனோம். அவர் டோர்வலில், பனிக்காற்றில் நின்று பொதி ஏற்றினார். அடுத்தநாளும் வேலை. இரவிச்சந்திரனும் அன்று வேலையில்தான், புதுவருடத்தை எடுத்ததால். "இதுக்கோ அண்ணை நத்தாரை வித்தனீங்கள்?" என்று அவர் கேட்க, குரல் இன்னும் திரும்பாத இவர் தொண்டையைத் தொட்டுக் காட்டி, பெருவிரலை உயர்த்தினாராம். நத்தாரன்று பின்னேரம் வீட்டுக்கு வந்து, நான் எடுத்து வைத்த கேக்கையும் ஆட்டிறைச்சிக் கறியையும் சாப்பிட்டார். நான் முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. என் கோபம் நியாயமானது. இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன். அவருடைய சனிக்கிழமையும் நியாயமானது. இரண்டும் ஒரு வீட்டுக்குள் இருக்கலாம்.

ஓகஸ்டில் அவருடைய இதயம் நின்றுபோனது. முதல்நாள் வரைக்கும் வேலைக்குப் போனவர்.

அவரைப் பார்வைக்கு வைத்திருந்த மண்டபத்தில், செபமாலை சொல்லி முடிந்த பிறகு, எங்கள் கோயில் பங்கைச் சேர்ந்த பிலோமினம்மா வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். எல்லாருக்கும் கேட்கும்படி பெருமூச்சு விட்டார்.

"பாவம் பிள்ளை. அந்த மனுசனுக்குக் கடைசி நத்தாருக்குக்கூட லீவு குடுக்கேல்லையாமே. உலகத்தில இரக்கமில்லை."

சுற்றி இருந்தவர்கள் உச்சுக்கொட்டினார்கள். இரண்டு நாளாக எல்லாருக்கும் தலையாட்டிக்கொண்டிருந்தவள் நான். இதற்கு என்னால் ஆட்ட முடியவில்லை.

"குடுத்தவை அம்மா. அவர்தான் வேண்டாமெண்டு சொன்னவர்."

"ஏன் பிள்ளை?"

"மட்ச் பாக்கப் போனவர். நானும் போனனான்."

பிலோமினம்மா என் கையை விட்டுவிட்டார். பின்வரிசையில் இருந்து ஒரு குரல் வந்தது. அழுது அடைத்த குரல். ஆனாலும் இரவிச்சந்திரன் இரவிச்சந்திரன்தான்.

"நாப்பது புள்ளியால தோத்த மட்ச்."

மகள் அதிர்ந்துபோய் அவரைப் பார்த்தாள். நான் திரும்பினேன்.

"இருபத்தெட்டு," என்றேன். "நாப்பத்தஞ்சு, பதினேழு. கடைசி ஏழையும் நான் கண்ணால கண்டனான். நீர் அதுக்கு முதலே ரிவியை நிப்பாட்டிப்போட்டுப் படுத்திருப்பீர்."

"ஓம் அக்கா," என்றார். "நிப்பாட்டிப்போட்டன்."

"அப்ப கதையாதையும்."